தூங்கிவிட்டால் குணமாகிவிட்டதா?

இருமல்காரர் இருக்கும் வீட்டில் காலையில் கேட்கப்படும் முதல் கேள்வி, "ராத்திரி தூங்கினாங்களா?" என்பதுதான். "நல்லா அசந்து தூங்கினாங்க" என்று பதில் வந்துவிட்டால் வீடே நிம்மதி அடைகிறது. மருந்து கேட்டுவிட்டது, டாக்டர் கைராசிக்காரர், இனிக் கவலையில்லை. ராத்திரி முழுக்க இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கும், பக்கத்தில் கண் விழித்தவருக்கும் அந்தத் தூக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கும் தெரியும். அதனால் அந்தக் கேள்வியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கொடுத்தது அபின் வகையைச் சேர்ந்த கோடீனோ ஹைட்ரோகோடோனோ கலந்த மருந்தாக இருந்தால், அந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. கூப்பிட்டதும் கண் திறந்தாங்களா, தெளிவாகப் பேசினாங்களா, மூச்சு எப்படி இருந்தது என்றும் கேட்டாக வேண்டும். இது என் பெரியம்மா விஷயத்தில் எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து யாராவது "இருமல் மருந்து குடிச்சிட்டு நல்லா தூங்குறாரு" என்று சொன்னால் எனக்கு மனசு ஒரு நிலையில் இருப்பதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருமல் மருந்து ஆபத்து என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருள் கலந்த சிரப்புகள்தான். காம்பியாவில் குழந்தைகள் இறந்ததையொட்டி 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். அது தயாரிப்பில் நடந்த கொடுமை, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். நான் சொல்ல வருவது வேறு. இங்கே மருந்து சுத்தமான மருந்து. சீட்டில் எழுதிய அளவு சரி. மூடியில் கோடு பார்த்து ஊற்றியதும் சரி. இத்தனையும் சரியாக இருந்து ஓர் உயிர் விளிம்புக்குப் போய் வந்தது என்பதுதான் என்னை இன்னமும் விடவில்லை.

அந்த மதியம்

பெரியம்மாவுக்கு 75 வயதைத் தாண்டியிருந்தது. வாரக்கணக்கில் வறட்டு இருமல். படுத்தால் இருமல், இரண்டு வார்த்தை பேசினால் இருமல். விலா வலிக்கிறது என்று கையால் நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இருமுவார். கடைசியில் ஒரு டாக்டர் கோடீன் சிரப் எழுதிக் கொடுத்தார், கூடவே மூக்கு ஒழுகுவதற்கு ஓர் அலர்ஜி மாத்திரை. இது போக, வேறொரு டாக்டர் எப்போதோ எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையைப் பெரியம்மா வருடக்கணக்கில் போட்டு வந்தார். புது டாக்டருக்கு அது தெரியாது. அவர் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. தலைமாட்டில் தண்ணீர்ச் சொம்போடு இருக்கும் மாத்திரை அது, அந்த வீட்டில் அதை மருந்து என்ற கணக்கிலேயே யாரும் சேர்த்ததில்லை.

சிரப் ஆரம்பித்த முதல் நாள் இருமல் குறைந்தது. அடுத்த நாள் ராத்திரி பெரியம்மா நன்றாகத் தூங்கினார். காலையில் எழுப்பியபோது "இன்னும் கொஞ்சம் படுத்துக்கறேன்டா" என்றார், அண்ணன் விட்டுவிட்டார். இத்தனை நாள் தூங்காத உடம்பு, தூங்கட்டும். நான் பார்க்கப் போனபோது மதியம் ஆகியிருந்தது. பெரியம்மா மல்லாந்து படுத்து, இதுவரை நான் கேட்டிராத ஒரு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கரகரவென்று இழுத்து, நடுவில் நின்று, நாம் மறந்துபோகும் அளவுக்குச் சும்மா இருந்து, மறுபடி இழுக்கும். "எவ்வளவு நாளாச்சு இப்படித் தூங்கி" என்று அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். முகத்தில் அவ்வளவு ஆசுவாசம்.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் உள்ளே வந்தாள். நர்ஸ் வேலை பார்ப்பவள், டூட்டி முடிந்து பாட்டியைச் சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தாள். கதவருகே நின்றவள் குறட்டையைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க" என்று சொல்லி, கைக்கடிகாரத்தையும் பெரியம்மாவின் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் தோள்பட்டையைப் பிடித்து உலுக்கி, "பாட்டி, பாட்டி, கண்ணத் திறங்க" என்று சத்தமாகக் கூப்பிட்டாள். பெரியம்மா ஏதோ முனகினார், கண் பாதி திறந்தது, திரும்பவும் உள்ளே போய்விட்டார். அவள் இமையைத் தூக்கிப் போன் வெளிச்சத்தில் கண்மணியைப் பார்த்தாள். ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. உதடு லேசாக நீலம் பாரித்திருப்பதை அவள் காட்டிய பிறகுதான் நாங்கள் பார்த்தோம். "அண்ணே, நிமிஷத்துக்கு 8 மூச்சுதான் வருது. வண்டியக் கூப்பிடுங்க. இவங்க சாப்பிடற மருந்து எல்லாத்தையும் ஒரு பையில போடுங்க, தலைமாட்டுல இருக்கறதையும் சேர்த்து."

வண்டி வரும்வரை அவள் பெரியம்மாவைத் தூங்கவே விடவில்லை. ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியில் நலாக்சோன் ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் மூச்சு ஏறியது, உதட்டின் நிறம் திரும்பியது. முழுத் தெளிவு வரவில்லை, ஏனென்றால் கோடீனின் வேலையை முறிக்கிற நலாக்சோன் தூக்க மாத்திரையின் வேலையை முறிக்காது. ஊசியின் பலன் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் தேய்ந்துவிடும், உள்ளே இருக்கும் மருந்து அதற்கு மேலும் நிற்கலாம் என்பதால் இரவு முழுக்கக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். பெரியம்மா பிழைத்துவிட்டார். ஆனால் அண்ணி சொன்ன "எவ்வளவு நாளாச்சு இப்படித் தூங்கி" என்பது என் காதிலேயே இருந்தது. அவர் மீது எந்தத் தப்பும் இல்லை. அவருடைய இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இந்த மருந்தின் ஆபத்து, பார்ப்பதற்கு ஓய்வு மாதிரியே இருக்கிறது.

இருமலும் மூச்சும் ஒரே இடத்தில்

இருமலைக் கிளப்புவதும் மூச்சை நடத்துவதும் மூளையின் அடிப்பகுதியில், முகுளத்தில், அக்கம்பக்கத்தில் இருக்கும் நரம்புக் கூட்டங்கள். கோடீன், ஹைட்ரோகோடோன் போன்ற ஓபியாய்டுகள், அதாவது அபின் வகை மருந்துகள், அங்கே போய் இருமல் அனிச்சையை மந்தமாக்குகின்றன. மூச்சை நடத்தும் கூட்டத்தை மட்டும் தொடாமல் விட்டுவிட அவற்றுக்கு வழி தெரியாது. சாதாரணமாக ரத்தத்தில் கரியமில வாயு கொஞ்சம் ஏறினாலே மூளை மூச்சை வேகப்படுத்தும். ஓபியாய்டு அந்த உணர்வை மழுங்கடிக்கிறது. வாயு ஏறிக்கொண்டே போகும், மூளை கண்டுகொள்ளாது. அதனால்தான் மூச்சுத் திணறும் ஆள் மாதிரி இவர் தவிக்க மாட்டார், எழுந்து உட்கார மாட்டார், கையை நீட்டி யாரையும் கூப்பிட மாட்டார். ஏறிய வாயுவே இன்னும் மயக்கத்தைக் கூட்டும். தொண்டைத் தசைகள் தளர்ந்து, காற்று வழி பாதி அடைபட்டு, அந்தக் கரகரப்பான குறட்டை வரும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்பது வழக்கமான அளவு. மருந்து ஆரம்பித்த முதல் 24 முதல் 72 மணி நேரமும், அளவைக் கூட்டிய உடனே வரும் நாட்களும்தான் அதிகம் கவனிக்க வேண்டிய நேரம். நாமோ முதல் இரண்டு நாள் நல்ல தூக்கம் வந்தால் அந்த நாட்களில்தான் கவனத்தைக் கைவிடுகிறோம்.

ஒரே அளவு மருந்து இருவருக்கு ஒரே மாதிரி வேலை செய்யாது என்பது கோடீன் விஷயத்தில் ரொம்பவும் உண்மை. கோடீனின் வலுவான வேலையைச் செய்வது, அது உடம்புக்குள் மாறிக் கிடைக்கும் மார்ஃபின். கல்லீரலில் சிஒய்பி2டி6 என்று ஒரு நொதி கோடீனில் ஒரு சிறு பங்கை மார்ஃபினாக மாற்றுகிறது. இந்த நொதி சிலருக்குப் பிறவியிலேயே வேலை செய்யாது, அவர்களுக்கு அந்தச் சிரப்பால் பெரிய பலன் இருக்காது. சிலருக்கோ அதிவேகமாக வேலை செய்யும், அவர்கள் குடித்த அதே 5 மில்லியில் மார்ஃபின் எக்கச்சக்கமாக உருவாகும். தான் எந்த வகை என்று பார்த்தால் தெரியாது, மரபணுப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். இருமலுக்கு மருந்து வாங்கப் போகும் யார் அதைச் செய்துகொண்டு போகிறார்கள்?

2004-இல் ஜெனீவா மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு நோயாளியின் கதையை நான் திரும்பத் திரும்பப் படித்தேன், ஏனென்றால் அது இருமலுக்குக் கோடீன் வாங்கியவரின் கதை. 62 வயதுக்காரர், இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. இருமலுக்கு 25 மில்லிகிராம் கோடீன், நாளைக்கு 3 வேளை. பெரிய அளவே இல்லை. நான்காவது நாள் கூப்பிட்டால் பதிலில்லாத நிலைக்குப் போய்விட்டார். ரத்தத்தில் மார்ஃபின், அந்த அளவுக்கு இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. நலாக்சோன் கொடுத்ததும் தெளிந்தார். பிறகு பார்த்தபோது மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அவர் அந்த அதிவேக வகையைச் சேர்ந்தவர். நிமோனியாவுக்குக் கொடுத்த கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் வோரிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தும் கோடீன் உடம்பைவிட்டுப் போகும் இன்னொரு வழியை அடைத்துவிட்டன. சிறுநீரகமும் அந்தச் சமயம் சரியாக வேலை செய்யவில்லை, மார்ஃபினின் வீரியமுள்ள மிச்சங்கள் வெளியேறாமல் தங்கின. இந்த மூன்றில் எதுவும் அபூர்வமானது இல்லை. நெஞ்சு சளிக்கு இருமல் மருந்தும் கிளாரித்ரோமைசினும் ஒரே சீட்டில் எழுதப்படுவது சாதாரணம். ஹைட்ரோகோடோனுக்கும் இந்த ஆன்டிபயாடிக் ஆகாது, அதன் அளவு ரத்தத்தில் ஏறிவிடும்.

கூடவே போகிற மாத்திரைகள்

பெரியம்மாவைக் கவிழ்த்தது தனியாகச் சிரப் இல்லை. சிரப்பும் தூக்க மாத்திரையும் அலர்ஜி மாத்திரையும் சேர்ந்து கவிழ்த்தன. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் அல்ப்ரசோலம், குளோனசெபம், டயசெபம் போன்ற பென்சோடயசெபைன் வகை மாத்திரைகளோடு ஓபியாய்டு சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம் என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2016-இல் இரண்டு வகை மருந்துகளின் மேலும் கட்டம் போட்ட எச்சரிக்கையை அச்சடிக்க வைத்தது. அதைவிடக் கடுமையான எச்சரிக்கை அவர்களிடம் கிடையாது. நரம்பு வலிக்குக் கொடுக்கும் காபாபென்டின், பிரிகாபலினும் மூச்சை அடக்கக் கூடியவை. மதுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதில் எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், பல இருமல் சிரப்புகளில் ஓபியாய்டோடு தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்தும், புரோமெத்தசினோ குளோர்ஃபெனிரமினோ, ஒரே பாட்டிலுக்குள்ளேயே இருக்கிறது. அதன் மேல் தனியாக இன்னோர் அலர்ஜி மாத்திரையும் போட்டால் இரட்டிப்பு. பெரியம்மாவின் சிரப்பும் அந்த மாதிரிதான். பாட்டிலின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்தது. நர்ஸ் பெண் விரல் வைத்துக் காட்டியபோதுதான் அண்ணன் படித்தார்.

அளவு தப்புவதும் உண்டு. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் கொடுக்க வேண்டிய, மெதுவாகக் கரையும் ஹைட்ரோகோடோன் சிரப் ஒன்று இருக்கிறது. அதை மற்ற இருமல் மருந்துகள் மாதிரி அடிக்கடி கொடுத்தும், வீட்டுக் கரண்டியில் அளந்தும் உயிர்கள் போயின என்று 2008-இல் எச்சரிக்கை வந்தது. வீட்டுத் தேக்கரண்டி எல்லாம் 5 மில்லி கிடையாது. சிலது பாதிதான் பிடிக்கும், சிலது 7 மில்லி வரை பிடிக்கும். சாதாரண மருந்தில் இது பெரிய வித்தியாசம் இல்லை, இதில் பெரிய வித்தியாசம்.

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை

ஐரோப்பிய மருந்துகள் முகமை 2015-இல் 12 வயதுக்குக் கீழே இருமலுக்கோ சளிக்கோ கோடீன் கூடவே கூடாது என்றது. 12 முதல் 18 வரை உள்ளவர்களில் ஆஸ்துமா மாதிரி மூச்சுக் கோளாறு இருந்தால் வேண்டாம் என்றது. அமெரிக்காவில் 2017-இல் 12-க்குக் கீழே தடை வந்தது, பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் கோடீன் வேண்டாம் என்று சொல்லப்பட்டது, ஏனென்றால் தாய் குடித்தது பாலில் மார்ஃபினாகப் போகும். 2018 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போய், கோடீனோ ஹைட்ரோகோடோனோ உள்ள சளி இருமல் மருந்துகளை 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். குழந்தைகளின் சளி இருமல் பெரும்பாலும் தானாகவே போவது, அதற்கு இவ்வளவு பெரிய ஆபத்தை வாங்க வேண்டியதில்லை என்பதுதான் காரணம். சிறு பிள்ளையின் காற்று வழி குறுகல், ஏற்கெனவே சளியால் அடைபட்டிருக்கும். நன்றாகத் தூங்கும் குழந்தையை யாரும் நடுராத்திரி எழுப்பிப் பார்க்கவும் மாட்டார்கள். பெரியவர்களுக்கு வாங்கிய சிரப்பில் மிச்சத்தை "பாதி மூடி கொடுத்தால் போதும்" என்று பிள்ளைக்குக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். தடுத்திருக்கிறேன், சண்டையும் வந்திருக்கிறது. அந்தச் சண்டைக்கு எனக்கு வருத்தமில்லை. ஒரு வயது தாண்டிய குழந்தையாக இருந்தால் தேன் கொடுக்கலாம், ராத்திரி இருமலுக்குக் கொஞ்சம் கேட்கும். ஒரு வயதுக்குக் கீழே தேனும் கூடாது.

யாரும் மருந்தோடு முடிச்சுப் போடாத தொல்லைகள்

உயிருக்கு ஆபத்தானதை மட்டும் பேசிவிட்டு மற்றதை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் பெரும்பாலானவர்கள் படுவது இந்த மற்றதைத்தான். மலச்சிக்கல் முதல் இடம். ஓபியாய்டு குடலின் அசைவை மெதுவாக்கிவிடும். குமட்டலும் தூக்கமும் பழகப் பழகக் குறையலாம், மலச்சிக்கல் மட்டும் பழகாது. வயதானவர் முக்கி முக்கித் தலை சுற்றிக் கழிப்பறையில் விழுகிறார், அதை யாரும் இருமல் மருந்தின் கணக்கில் எழுதுவதில்லை. புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீர் கட்டிக்கொள்ளும், அலர்ஜி மருந்தும் சேர்ந்தால் இன்னும் மோசம். உடம்பெல்லாம் அரிப்பு. எழுந்து நிற்கும்போது கிறுகிறுப்பு. முதியவர்களுக்குக் குழப்பம், இல்லாத ஆளோடு பேசுவது. "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். சளியோடு கூடிய இருமலுக்கு இந்த மருந்தைக் கொடுத்தால் சளி வெளியே வராமல் உள்ளேயே தேங்கும். வாசலில் குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டு, வந்தது யார் என்று பார்க்காமல் படுப்பது போன்றது அது.

பழக்கமாகிவிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். போதைக்காகக் குடிக்கிறவர்கள் பற்றிய செய்திகள் நிறைய வருகின்றன. நைஜீரியா 2018-இல் கோடீன் சிரப் தயாரிப்பையும் இறக்குமதியையும் நிறுத்தியது, பிரிட்டனில் சீட்டில்லாமல் கிடைத்த கோடீன் லின்க்டஸ் என்ற இருமல் சிரப்பை 2024-இல் சீட்டோடு மட்டும் என்று மாற்றினார்கள். எனக்குக் கவலை அவர்களைப் பற்றி மட்டும் இல்லை. எந்தத் தப்பான எண்ணமும் இல்லாமல் வாரக்கணக்கில் சிரப் குடித்தவர் ஒருநாள் நிறுத்தினால், மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வரும், உடம்பு வலிக்கும், தூக்கம் வராது. எல்லாம் சளி திரும்பி வந்துவிட்டது மாதிரியே இருக்கும். அவர் என்ன செய்வார்? மறுபடி சிரப்பைத் திறப்பார், உடனே கேட்டுவிடும். "எனக்கு இந்த மருந்துதான் கேட்கும்" என்று உறுதியாகச் சொல்வார். அவரைப் பழித்துப் பேச எனக்கு வாய் வராது. 1898-இல் ஹெராயினையே இருமல் மருந்தாக பேயர் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. படித்தவர்களே நம்பிக் கொடுத்த வரலாறு இது.

இவ்வளவு கொடுத்து என்ன வாங்குகிறோம்?

எனக்குப் பெரிய அதிர்ச்சி இங்கேதான். சாதாரண சளியோடு வரும் இருமலுக்குக் கோடீன், வெறும் இனிப்புத் தண்ணீர் மருந்தைவிட மேலாக வேலை செய்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்த சோதனைகளில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளிடம் பார்த்தபோதும் அப்படித்தான். அப்படியென்றால் பெரியம்மாவுக்கு முதல் நாளே இருமல் குறைந்ததே? மயக்கத்தில் இருப்பவர் குறைவாகத்தான் இருமுவார். அதுபோக, சளி இருமல் குறையும் நேரத்தில்தான் நாம் பொறுமை இழந்து டாக்டரிடம் போகிறோம். 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இருமல் எத்தனை நாள் இருக்கும் என்று மக்களைக் கேட்டபோது 7 முதல் 9 நாள் என்றார்கள். உண்மையில் சராசரி கிட்டத்தட்ட 18 நாள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பத்து நாளில்தான் வலுவான சிரப்பைக் கேட்டு வாங்குகிறோம். தேவையில்லாத ஆன்டிபயாடிக்கும் அந்தப் பத்து நாளில்தான் வருகிறது.

ஒரு மருந்தின் கெடுதல் எவ்வளவு தாமதமாகத் தெரிய வரும் என்பதற்கு ஃபோல்கோடின் இன்னொரு சாட்சி. அதுவும் ஓபியாய்டு இருமல் மருந்துதான், பல நாடுகளில் சீட்டே இல்லாமல் விற்றது. அதைக் குடித்தவர்களுக்கு, 12 மாதம் கழித்துக்கூட, அறுவை சிகிச்சை மயக்கத்தின்போது கொடுக்கும் தசைத் தளர்த்தி மருந்துகளால் உயிரைப் பறிக்கும் ஒவ்வாமை வரலாம் என்று கண்டார்கள். 1950-களிலிருந்து புழக்கத்தில் இருந்த அந்த மருந்தை ஐரோப்பாவில் 2022 டிசம்பரில் திரும்பப் பெற முடிவு செய்தார்கள், ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் 2023-இல் பின்தொடர்ந்தன. சளிக்கு நாலு நாள் குடித்த சிரப்பை அடுத்த வருடம் ஆபரேஷன் டேபிளில் யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

இதனால் இந்த மருந்துகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நுரையீரல் புற்றுநோயில் இருமி இருமி ஓய்ந்துபோனவருக்கு ஓபியாய்டு பெரிய ஆறுதல், அவருக்கு அதை மறுப்பது கொடுமை. காரணம் எல்லாவற்றையும் தேடிப் பார்த்தும் அடங்காத நாள்பட்ட இருமலுக்கு, மிகக் குறைந்த அளவு மார்ஃபின் கொடுத்துச் சிலருக்கு நல்ல பலன் கிடைத்திருக்கிறது. அங்கே டாக்டர் கண்காணிக்கிறார், மலச்சிக்கலுக்கு முன்னாலேயே மருந்து கொடுக்கிறார், கூட இருப்பவர்களுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறார். சளி இருமலுக்கு எழுதும்போது இந்த மூன்றில் ஒன்றுகூட நடப்பதில்லை. சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் அடுத்த ஆள் உள்ளே வந்துவிடுவார்.

பெரியம்மாவின் இருமலுக்குக் காரணம் கடைசியில் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அந்த மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்த இளம் டாக்டர், ரத்த அழுத்தத்துக்கு அவர் போட்டுவந்த எனலாப்ரிலைக் கையில் எடுத்து, "இருமல் இதை ஆரம்பிச்ச பிறகா, முன்னாலேயா?" என்று கேட்டார். அண்ணி யோசித்து, பிறகுதான் என்றார். அந்த வகை மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும் என்பது மருத்துவத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதை நிறுத்தி வேறு வகைக்கு மாற்றினார்கள். சில வாரத்தில் இருமல் தானாக நின்றது. ஒரு மாத்திரை கொடுத்த இருமலை அடக்க இன்னொரு மருந்து கொடுத்து, அது மூச்சை அடக்கியிருக்கிறது.

மிச்சமிருந்த சிரப்பை அண்ணன் மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார், பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடு. அண்ணி ஒரு தாளில் பெரியம்மாவின் எல்லா மருந்துகளையும் எழுதி, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுகிறார். எனக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர்களோடு இன்னும் பேச்சு நடக்கிறது. தலைமாட்டுத் தூக்க மாத்திரையை அன்றைக்கே தூக்கிப் போட வேண்டும் என்று அண்ணன் நின்றார். வருடக்கணக்கில் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்று டாக்டர் தடுத்துவிட்டார். அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். பாதி மாத்திரைக்கு வந்திருக்கிறது. அதற்குக் கீழே இறங்க பெரியம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.